ஊற்றுவதும் விற்பதும்: வடசென்னையின் மரபுப் பானங்கள் – ஒரு நோக்கு

சென்னை ஸ்டான்லி மருத்துவமனைக்கு மக்கள் இட்டு வழங்கிய பெயர் ‘கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி’ என்பதாகும். இராயபுரத்திலும் பழைய வண்ணாரப்பேட்டையிலும் முதியோர் சிலர் இன்றும் அதனை அப்பெயராலேயே சுட்டுவர். ஒரு மருத்துவமனைக்கு மருந்தின் பெயரோ மருத்துவரின் பெயரோ அமையாமல், குடிக்கும் கஞ்சியின் பெயர் அமைந்தது எவ்வாறு என்பதை நம் மாணவர்கள் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

ஐதர் அலிக்கும் ஆங்கிலேயருக்கும் நடந்த போரினால் வயல்கள் பாழ்பட, 1782-இல் சென்னையைப் பஞ்சம் சூழ்ந்தது. ஊர்களை விட்டு ஓடிவந்த மக்களுக்காக ஊர் மணியக்காரர் பொறுப்பில் கஞ்சி வார்க்கும் சத்திரம் ஒன்று எழுந்தது. அதுவே மணியக்காரர் சத்திரம். ஆங்கிலேயர் நாவில் அது ‘மோனிகர் சவுல்ட்ரி’ எனத் திரிந்தது. பசித்து வந்தவருள் பிணியாளரும் இருந்தனர். 1799-இல் ஜான் அண்டர்வுட் என்னும் மருத்துவர் அவர்களுக்கென ஒரு மருத்துவ நிலையத்தைத் தொடங்கினார். பிற்காலத்தில் அது இராயபுரம் மருத்துவப் பள்ளியோடு இணைந்து வளர்ந்தது. ஆளுநர் ஸ்டான்லியின் பெயரைத் தாங்கி 1938-இல் மருத்துவக் கல்லூரியும் ஆயிற்று. பெயர்ப் பலகைகள் எத்தனை மாறினும், தொட்டியிலிருந்து முகந்து வார்த்த கஞ்சியை மக்கள் மறந்திலர்.

இந்தியாவின் மரபுப் பானங்கள் எவை, அவற்றை எங்கே அருந்தலாம் என்று எழுதப் புகுவோர் பெரும்பாலும் கடைகளின் பட்டியலோடு நின்றுவிடுகின்றனர். இராயபுரம் முதல் எண்ணூர் வரை நீண்டு கிடக்கும் துறைமுக, தொழிற்சாலைப் பகுதியைப் பொறுத்தவரை அப்பட்டியல் பாதி உண்மையையே கூறும். இங்குள்ள பானங்களுள் விற்கப்படுவன ஒரு வகை. ஊற்றப்படுவன மற்றொரு வகை. தமிழின் வினைச்சொற்களே இவ்வேறுபாட்டைக் காட்டிவிடுகின்றன. தேநீரைப் ‘போடுவர்’, சர்பத்தைக் ‘கலக்குவர்’, கூழையோ ‘ஊற்றுவர்’. ‘ஞாயிற்றுக்கிழமை எங்கள் தெருவில் கூழ் ஊற்றுகிறார்கள்’ என்றால், ‘விலை என்ன?’ என்று யாரும் கேட்பதில்லை. ஊற்றுதல் என்னும் அவ்வினையிலேயே கொடை அடங்கியுள்ளது. இவ்வாறு ஊற்றப்படும் பானங்களை முதன்மையாகக் கொண்டு, விற்கப்படுவனவற்றை அவற்றின் பக்கத்தில் வைத்துக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கஞ்சியும் கூழும்: சொல் ஆய்வு

‘கஞ்சி’ என்னும் சொல் தமிழ்நாட்டு எல்லையைக் கடந்து உலகைச் சுற்றிய சொற்களுள் ஒன்று. போர்த்துகீசியர் வழியாக ஆங்கிலத்தில் புகுந்து ‘காஞ்சீ’ ஆயிற்று. கோவாவில் வாழ்ந்த போர்த்துகீசிய மருத்துவர் கார்சியா த ஓர்த்தா 1563-இல் வெளியிட்ட நூலில், நோயாளிக்கு மிளகும் சீரகமும் சேர்த்துக் கொடுக்கும் அரிசி நீரை இப்பெயராலேயே குறித்துள்ளார். இன்று சீன நாட்டு அரிசிக் கஞ்சியையும் ஆங்கிலேயர் நம் சொல்லாலேயே அழைக்கின்றனர். ஆங்கிலப் பட்டாளத்தில் தண்டனை பெற்றவர்களை அடைத்த கொட்டடிக்குக் ‘கஞ்சி வீடு’ என்று பெயர் வழங்கியது. உள்ளிருப்போர்க்குக் கிடைத்த உணவு அதுவே. நம் வண்ணாரப்பேட்டையிலோ கஞ்சிக்கு வேறொரு தொழிலும் உண்டு. கும்பினியாரின் துணிகளை வெளுத்தோர் குடியிருந்ததனால் பெயர் பெற்ற பேட்டை அது. சோறு வடித்த கஞ்சி உடலுக்குள்ளும் செல்லும், உடைக்கு மேலும் ஏறும்.

கூழின் வரலாறு இன்னும் சுவையானது. இன்று கூழ் எனில் ஏழையர் உணவு என்ற எண்ணமே முந்துகின்றது. வள்ளுவரோ அரசனுக்குரிய உறுப்புகள் ஆறனுள் ஒன்றாகக் கூழைச் சேர்த்தார். 381-ஆம் குறளில் அச்சொல் நாட்டின் உணவு வளத்தையும் பொருள் வளத்தையும் குறிக்கின்றது. 64-ஆம் குறளில் அதே சொல், குழந்தையின் சிறுகை துழாவிய உணவாகிறது. ‘இரவச்சம்’ அதிகாரத்தின் 1065-ஆம் குறளில், நீர்போலத் தெளிந்த புற்கையாயினும் தன் உழைப்பால் வந்ததாயின் அதனினும் இனியது இல்லை என்கிறார். அங்கே வரும் ‘புற்கை’ கஞ்சியையே குறிக்கும். பட்டினப்பாலையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார் காவிரிப்பூம்பட்டினத்துச் சோற்றுச் சாலைகளைக் காட்டும்போது, அங்கு வடித்த கஞ்சி தெருவிலே பெருகி ஓடியதைக் கூறுகின்றார். ஒரு துறைமுக நகரின் பெருமைக்குக் கப்பலும் பண்டமும் மட்டுமின்றி வடித்த கஞ்சியும் அளவுகோலாக நின்றமை ஈண்டுக் கருதத்தக்கது.

‘குடி’ என்னும் சொல்லையும் இங்கு எண்ணலாம். குடும்பம், குலம், நாட்டு மக்கள், அருந்துதல் ஆகிய இத்தனை பொருளும் அதற்கு உண்டு. ‘அவர் குடிப்பார்’ என்று எழுவாயும் பயனிலையுமாகச் சொன்னால், இன்று மதுவைத் தவிர வேறு பொருள் கொள்வாரில்லை. கஞ்சியும் மோரும் பதநீரும் அவ்வினைக்குச் செயப்படுபொருளாக இருந்த காலம் ஒன்று உண்டு.

ஆடிக் கூழ்

ஆடித் திங்களில் இராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் ஆகிய இடங்களில் அம்மன் கோயில் இல்லாத தெருவைக் காண்பது அரிது. கூழ் ஊற்றாத அம்மன் கோயிலைக் காண்பது அதனினும் அரிது. கூழைக் காய்ச்சுதல் ஒரு நாள் வேலையன்று. கேழ்வரகு மாவை முதல் நாளே நீரில் கரைத்து இரவு முழுதும் புளிக்க விடுவர். மறுநாள் பச்சரிசி நொய்யைக் குழைய வேகவைத்து, புளித்த மாவை அதில் ஊற்றித் துடுப்பினால் கைவிடாமல் கிளறுவர். அடி பிடித்தால் அத்தனையும் கெடும் என்பதால், அப்பணி தெருவிலேயே கைதேர்ந்த மூதாட்டியரின் கண்பார்வையில் நடக்கும். வெந்த கூழை ஆறவிட்டு, மறுநாட் காலை உப்பும் மோரும் நறுக்கிய சிறு வெங்காயமும் சேர்த்துக் கரைத்தால் குடிக்கும் பதம் வரும். முருங்கைக் கீரையும் மோர் மிளகாயும் பக்கத் துணை. மீனவர் குப்பங்களில் கருவாட்டுக் குழம்பு இல்லாமல் கூழ் நிறைவதில்லை.

அறிவியல் நோக்கிலும் இது எளிய உணவன்று. 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேற்பட்ட சுண்ணாம்புச் சத்து உண்டு. அரிசியில் அதன் சிறு பங்குகூட இல்லை. புளித்தலினால் தானியத்தின் சத்து உடலிற் சேர்வது எளிதாகின்றது. பழைய சோற்றின் நீரான நீராகாரத்திற்கும் இது பொருந்தும். குடல் நோயாளர்க்குப் பழைய சோறு எவ்வகையில் உதவும் என்பதை அண்மை ஆண்டுகளில் ஆராயத் தொடங்கியது ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியே. கஞ்சித் தொட்டியிற் பிறந்த மருத்துவமனை மீண்டும் கஞ்சியை நோக்கித் திரும்பியது குறித்து நாம் வியப்படையவில்லை, மகிழ்ச்சியே அடைந்தோம்.

ஆடியில் கூழ் அருந்த விரும்புவோர் ஞாயிற்றுக்கிழமைகளில் முற்பகலிலேயே ஒரு பாத்திரத்தோடு செல்லுதல் நன்று. பிற மாதங்களில் கேழ்வரகுக் கூழும் கம்பங்கூழும் தள்ளுவண்டிகளில் கிடைக்கும். மீன்பிடித் துறைமுகத்தை ஒட்டியும் தொழிற்சாலைகளுக்குச் செல்லும் சாலைகளிலும் காலைப் பொழுதில் அவ்வண்டிகளைக் காணலாம். வண்டிக் கூழில் கேழ்வரகு குறைந்து மோர் மிகுந்திருப்பது வழக்கம். எனினும், மூட்டை தூக்கிக் களைத்தவர்க்கு அதுவே காலை உணவாகின்றது.

நோன்புக் கஞ்சி

அரபு நாட்டார் பேரீச்சம்பழமும் நீரும் கொண்டு நோன்பைத் துறக்கின்றனர். வடஇந்தியர் பழமும் பக்கோடாவும் சர்பத்தும் கொண்டு இஃப்தாரை முடிப்பர். பேரீச்சம்பழத்தையும் தண்ணீரையும் அடுத்துக் கஞ்சிக் கோப்பையைக் கையில் எடுப்பது தமிழ் முஸ்லிம்களின் தனி மரபு. ‘இஃப்தார்’ என்ற அரபுச் சொல்லைவிட ‘நோன்பு திறத்தல்’ என்னும் தமிழ் வழக்கே நம் வீடுகளில் மிகுதி. சொல்லைப் போலவே பானத்தையும் இம்மண்ணிலிருந்தே எடுத்துக்கொண்டோம் எனலாம்.

நண்பகல் தொழுகைக்குப் பின் பள்ளிவாசலின் பின்கட்டில் பெரிய அண்டாக்கள் அடுப்பேறும். பச்சரிசி நொய், பாசிப்பருப்பு, வெந்தயம், சீரகம், பூண்டு, இஞ்சி, பட்டை, கிராம்பு, தக்காளி, புதினா, கொத்தமல்லி ஆகியவற்றோடு இறுதியில் தேங்காய்ப்பால் சேரும். பகல் முழுதும் வெறுமையாக இருந்த வயிற்றுக்கு வெந்தயம் குளிர்ச்சி. பூண்டும் சீரகமும் செரிமானத்திற்குத் துணை. சில இடங்களில் கொத்திறைச்சி சேர்ப்பர். அண்டை அயலார் அனைவரும் தயக்கமின்றி வாங்கிச் செல்ல வேண்டும் என்பதற்காக இறைச்சியைத் தவிர்க்கும் பள்ளிவாசல்களும் உண்டு. அஸர் தொழுகை முடியும் வேளையில் தூக்குவாளிகளோடு சிறுவர் வரிசை நீளும். அவ்வரிசையில் நெற்றியில் திருநீறு அணிந்த சிறுவனும் கழுத்தில் சிலுவை தொங்கும் சிறுமியும் நிற்பதைக் காணாத ரமலான் இப்பகுதியில் இல்லை. காய்ச்சல் கண்டவர்க்கு நோன்புக் கஞ்சி நல்லது என்னும் நம்பிக்கை எல்லா வீடுகளிலும் உண்டு.

இக்கஞ்சிக்கென 2001 முதல் தமிழக அரசு பள்ளிவாசல்களுக்கு அரிசி வழங்கி வருகின்றது. 2020-ஆம் ஆண்டு ரமலானுக்கு 2,895 பள்ளிவாசல்களுக்கு 5,450 டன் அரிசி ஒதுக்கப்பட்டது. ஆனால் அவ்வாண்டு கொரோனா ஊரடங்கினால் பள்ளிவாசல்களில் கஞ்சி காய்ச்சப்படவில்லை. அரிசியாகவே வீடுகளுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டது. அரிசி வந்து சேர்ந்தது, கஞ்சி வரவில்லை. அந்த ஒரு மாதத்தில்தான், கஞ்சி என்பது நொய்யும் பருப்பும் மட்டுமன்று, அந்த அண்டாவும் வரிசையுமே என்பதைப் பலரும் உணர்ந்தனர்.

மண்ணடி, இராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் ஆகிய இடங்களின் பள்ளிவாசல்களில் எதற்குச் சென்றாலும் கஞ்சி கிடைக்கும். முஸ்லிம் அல்லாத மாணவர்கள் கேட்கத் தயங்க வேண்டா. அஸருக்குப் பின், மாலை ஐந்து மணியளவில் பாத்திரத்துடன் சென்று வாயிலில் நின்றாலே போதும்.

இராயபுரத்தை ஒட்டி அடக்கமாகியுள்ள குணங்குடி மஸ்தான் சாகிபு (மறைவு 1838) இவ்விடத்தில் நினைக்கத்தக்கவர். தொண்டியிலிருந்து வந்தமையால் மக்கள் அவரைத் ‘தொண்டியார்’ என்றனர். தண்டையார்பேட்டை என்னும் பெயர் அதிலிருந்து வந்தது என்பர். அவருடைய மாணாக்கருள் இந்துக்களும் இருந்தனர். சூஃபியர் பாடல்களில் இறையன்பை மதுவாகவும் அடியாரைக் குடிப்பவராகவும் உருவகித்தல் மரபு. மதுவை முற்றும் விலக்கிய ஒரு சமயத்தின் பாடல்களில் அவ்வுருவகம் இத்துணைச் செழித்தது இலக்கிய மாணவர் தனியே ஆராயத்தக்க பொருள்.

பந்தலும் பானையும்

திங்களூர் அப்பூதியடிகள் தாம் நேரில் காணாத திருநாவுக்கரசர் பெயரால் தண்ணீர்ப் பந்தல் அமைத்த செய்தியைப் பெரியபுராணம் கூறும். இறந்த தாயின் பொருட்டு எந்த அறம் சிறந்தது என்று சஅது இப்னு உபாதா (ரலி) வினவியபோது, ‘தண்ணீர்’ என்றே நபிகள் நாயகம் (ஸல்) விடை பகர்ந்தார்கள் என்றும், அவர் ஒரு கிணற்றைத் தோண்டி அறமாக்கினார் என்றும் நபிமொழித் தொகுப்பு உரைக்கும். வெயில் கொளுத்தும் நிலங்கள் இரண்டிலும் அறத்தின் முதற்படி ஒன்றாகவே அமைந்தது.

ஆயினும் தண்ணீரே மக்களைப் பிரித்த வரலாற்றையும் நாம் மறைத்தல் ஆகாது. ஆங்கிலேயர் ஆட்சியில் இரயில் நிலையங்கள் பலவற்றில் இந்துக்களுக்கு ஒரு பானை, முஸ்லிம்களுக்கு ஒரு பானை என்று தனித்தனியே வைத்தனர். தேநீர்க் கடைகளின் இரட்டைக் குவளைக் கொடுமை தமிழ்நாட்டு ஊர்களில் நெடுங்காலம் நிலவியது. ‘இவன் யார்?’ என்று கேட்ட பின்னரே நீர் வார்த்த சமுதாயம் நம்முடையது. அக்கேள்வியைக் கேட்காது வார்த்த இடங்களாகவே மணியக்காரர் சத்திரத்துத் தொட்டியையும் பள்ளிவாசலின் அண்டாவையும் காண்கின்றோம். ஏழுகிணற்றில் வீராசாமித் தெருவில் வாழ்ந்து, திருவொற்றியூருக்கு நடந்து சென்று வழிபட்ட இராமலிங்க அடிகள், 1867-இல் வடலூரில் தருமசாலை தொடங்கியபோது சாதி சமயம் கேளாது பசித்தவர் அனைவர்க்கும் உணவளிக்கச் செய்தார். அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையவில்லை.

பங்குனி, சித்திரையில் இப்பகுதியின் சந்திப்புகளில் நீர்மோர்ப் பந்தல்கள் எழும். இராமநவமியில் வெல்லம், சுக்கு, ஏலம் கலந்த பானகமும் உண்டு. அரசியல் கட்சிகளும் இப்போது பந்தல் அமைக்கின்றன. தலைவர் படத்தின் அளவுக்குப் பானையின் அளவு அமைவதில்லை என்பதும், திறப்பு விழாவுக்கு மறுநாளே பானை வறண்டுவிடுவதும் நாம் பல கோடையிற் கண்ட காட்சி. சங்கத்தாரோ ஆட்டோ நிறுத்தத்துத் தோழரோ வைக்கும் மண்பானையே வைகாசி வரை நிலைக்கின்றது.

உழைப்பும் உப்பும்

வடசென்னையின் பானங்களில் இனிப்பைக் காட்டிலும் உப்பு மிகுந்திருப்பதை உணர்ந்திருப்பீர்கள். இதற்குக் காரணம் சுவை மட்டுமன்று, தொழிலே. இராயபுரத்திலிருந்து தென்னிந்தியாவின் முதல் பயணிகள் இரயில் புறப்பட்டது 1856-இல். செயற்கைத் துறைமுகம் 1881-இல் அமைந்தது. பின்னர்த் திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் தீப்பெட்டி, டயர், மோட்டார் சைக்கிள், லாரித் தொழிற்சாலைகள் தோன்றின. மூட்டை சுமப்போரும் உலைக்களத்தில் நிற்போரும் வியர்வையில் நீரை மட்டும் இழப்பதில்லை, உப்பையும் இழக்கின்றனர். வெறும் நீரைக் குடித்தால் தாகம் தணியும், தளர்ச்சி தீராது. உப்பிட்ட கஞ்சியும் மோரும் இரண்டையும் ஈடுசெய்கின்றன.

இதன் உட்பொருளை மருத்துவ உலகம் பின்னாளில்தான் விளக்கியது. குடலில் சர்க்கரை உட்செல்லும்போது உப்பையும் உடன் இழுத்துச் செல்கின்றது. அவற்றின் பின்னே நீரும் செல்கின்றது. 1971-இல் வங்கதேச அகதிகள் முகாமில் வாந்திபேதி பரவியபோது, திலீப் மகலனோபிஸ் என்னும் மருத்துவர் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைக் குடிக்கக் கொடுத்தே எண்ணற்ற உயிர்களைக் காத்தார். பின்னர் டாக்காவில் நடந்த ஆய்வுகள், சர்க்கரைக்கு மாற்றாக அரிசி மாவையே பயன்படுத்தலாம் என்று காட்டின. உப்பிட்ட அரிசிக் கஞ்சியே அது. 1782-இல் தொட்டியிலிருந்து வார்த்தவர்க்கு இவ்விளக்கம் தெரியாது. ஆயினும் அவர் கை தவறு செய்யவில்லை.

விற்கப்படுவன

விற்பனைப் பானங்களுள் முதலிடம் நன்னாரி சர்பத்திற்கே. ‘சர்பத்’ என்பது குடித்தலைக் குறிக்கும் அரபு வேரிலிருந்து பாரசீகம் வழியாக வந்த சொல். ஆங்கிலத்தின் ‘சிரப்’ என்பதற்கும் அவ்வேரே மூலம். நன்னாரியோ நம் காட்டுக் கொடியின் மணமிக்க வேர். அரபுச் சொல்லும் தமிழ் வேரும் எலுமிச்சைச் சாற்றில் கூடியதே இப்பானம் என்க. பாரிமுனை முதல் தண்டையார்பேட்டை வரை கோடையில் எங்கும் கிடைக்கும். ஊறவைத்த சப்ஜா விதை சேர்த்தால் குளிர்ச்சி மிகும். ரமலான் மாலைகளில் மண்ணடிக் கடைகளில் ரோஜா மணம் கமழும் சிவந்த சர்பத் பாலோடு கலந்து விற்கப்படும். 1906-இல் தில்லியில் தொடங்கிய ஹம்தர்த் மருந்தகத்தின் ரூஹ் அஃப்ஸா அவ்வகையில் புகழ்பெற்றது. மதுரையின் ஜிகர்தண்டாவும் இங்கு வந்துவிட்டது. நெஞ்சைக் குளிர்விப்பது என்பது அவ்வுருதுப் பெயரின் பொருள்.

ஓர் எச்சரிக்கை கூறுதல் நம் கடமை. காசிமேட்டில் மீனைக் காக்க வரும் பனிக்கட்டி குடிப்பதற்குரியதன்று. உண்ணத் தகாத பனிக்கட்டியில் நீல நிறம் சேர்க்க வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு விதி. சர்பத்தில் மிதக்கும் கட்டி நீலச் சாயல் காட்டினால் அதனைத் தொடாதீர்கள். ஐயம் தோன்றினால் பனிக்கட்டி இன்றியே கேளுங்கள்.

கோலி சோடாவின் புட்டி 1870-களில் ஆங்கிலேயர் ஹைரம் காட் அமைத்தது. கோலியோ தமிழ்ச் சிறுவர்களுடையதாகிவிட்டது. விருதுநகரில் 1916-இல் தோன்றிய காளிமார்க் நிறுவனத்தின் பொவன்டோவை மரபுப் பானம் எனலாமா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. 2017 மார்ச்சு முதல் வணிகர் அமைப்புகள் அயல்நாட்டுக் குளிர்பானங்களை விற்பதில்லை என அறிவித்தபோது, பலர் கை நீண்டது அதனை நோக்கியே. வடஇந்திய லஸ்ஸியும் பாதாம் பாலும் வேண்டுவோர் தங்கசாலைத் தெருவுக்குச் செல்லலாம். காக்கடா ராம்பிரசாத் கடையின் பாதாம் பால் பெயர் பெற்றது. இரவுப் பணி முடிந்து வருவோர்க்கு மிதிவண்டியில் வரும் சுக்கு மல்லிக் காபியே துணை.

பதநீரைப் பற்றிச் சற்று விரித்துரைக்க வேண்டும். பனம்பாளையைச் சீவி வடியும் சாற்றை, உட்புறம் சுண்ணாம்பு தடவிய கலயத்தில் ஏந்தினால் பதநீர். சுண்ணாம்பின்றி ஏந்திப் புளிக்க விட்டால் கள். ஒரு பூச்சுச் சுண்ணாம்பே இரண்டையும் பிரிக்கின்றது. 1987 சனவரி முதல் தமிழ்நாட்டில் கள் தடை செய்யப்பட்டுள்ளது. 2003 முதல் மதுவின் சில்லறை விற்பனையை அரசு நிறுவனமே மேற்கொண்டுள்ளது. இரண்டும் ஆகா என்பதே நம் நிலை. ஆயினும் கள்ளைத் தடுத்த சட்டம் பதநீர் இறக்குவோரையும் ஐயுறச் செய்து, பனையேறும் தொழிலையே நலிவித்தது என்னும் முறையீட்டில் நியாயம் உண்டு. 1978-இல் மாநில மரமாக அறிவிக்கப்பட்ட பனை, எண்ணூர்க் கடற்கரை மணலில் ஆலைகளுக்கும் சாலைகளுக்கும் வழிவிட்டுக் குறைந்தது. 2021-இல் வந்த முதல் வேளாண் நிதிநிலை அறிக்கை 76 இலட்சம் பனை விதைகளை வழங்கத் திட்டமிட்டது. இன்று விதைத்த பனை பாளை விடப் பல ஆண்டுகள் ஆகும். அதுவரை பதநீர் அருந்த விழைவோர் கோடைக் காலையில் மீஞ்சூர், பொன்னேரி, பழவேற்காட்டுச் சாலையில் வெயில் ஏறுமுன் செல்ல வேண்டும். பனையோலையை மடித்த பட்டையில் வாங்கிக் குடித்தால் ஓலையின் மணமும் சேரும்.

அடிப்படை நீர்

இத்தனை பானங்களுக்கும் முதல் நீரே. இப்பகுதியில் அது எளிதாகக் கிடைத்ததில்லை. கோட்டைக்கு நீர் வழங்க 1772-இல் கேப்டன் பேக்கர் திட்டப்படி தோண்டிய கிணறுகளுள் ஏழு நற்பயன் தந்தமையால் அவ்விடம் ஏழுகிணறு ஆயிற்று. நகரத்தின் வடக்கே மீஞ்சூர்ப் பக்கத்து நிலத்தடி நீரை அளவுக்கு மிஞ்சி இறைத்ததன் விளைவாகக் கடல்நீர் பல கிலோமீட்டர் உட்புகுந்தது. கடல்நீரையே குடிநீராக்கும் நிலையம் 2010-இல் காட்டுப்பள்ளியில் திறக்கப்பட்டது. நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் அதன் திறன். 2019 கோடையில் நகரமே வறண்டபோது குடங்களின் வரிசை எவ்வளவு நீண்டது என்பதை மாணவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்து, வலைகளும் படகுகளும் கறுத்தன. கூழுக்குத் துணையாகும் கருவாடு அந்நீரிலிருந்தே வருகின்றது.

இன்று கூழ் காய்ச்சவும் கஞ்சி காய்ச்சவும் 20 லிட்டர்க் கேன்களை விலைக்கு வாங்கும் தெருக்கள் பல. விலைக்கு வாங்கிய நீரைக் காய்ச்சி விலையின்றி வார்க்கின்றனர். கேழ்வரகின் விலையைவிட நீரின் விலை நன்கொடைப் பட்டியலில் மேலேறுமானால், ஊற்றும் தெருக்களின் எண்ணிக்கை குறையும். அவ்வச்சமே நம்மை இக்கட்டுரை எழுதத் தூண்டியது.

நம் துறை மாணவர்கள் செய்யத்தக்க களப்பணி ஒன்று உண்டு. தம் தெருவில் யார் கூழ் காய்ச்சுகின்றனர், எத்தனை படி மாவு, எங்கிருந்து நீர், பாத்திரங்களுக்கும் பதங்களுக்கும் வழங்கும் சொற்கள் யாவை என்பவற்றைக் கேட்டு எழுதலாம். துடுப்பு பிடிக்கும் மூதாட்டியரின் சொற்கள் பல அகராதியில் ஏறாதவை.

ரமலான் சந்திர மாதமாகையால் ஆண்டுதோறும் ஏறத்தாழ 11 நாள் முன்னகரும். ஆடியோ சூரிய மாதம். ஏறத்தாழ 32 ஆண்டுகளுக்கு ஒருமுறை இவ்விரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாக வந்தமையும். 1980-இல் அவ்வாறு அமைந்தது. மீண்டும் 2012-இலும் 2013-இலும் அமைந்தது. அவ்வாண்டுகளில் ஒரே ஞாயிறு முற்பகலில் அம்மன் கோயில் வாசலில் கூழும், அன்று மாலையே பள்ளிவாசல் வாயிலில் கஞ்சியும் ஊற்றினர். காலையில் கூழ் வாங்கிய தூக்குவாளியைக் கழுவிக்கொண்டு மாலையில் கஞ்சிக்கு வந்த சிறுவர் இப்பகுதியில் பலர். அடுத்து அவ்வாறு அமைவது 2044-இலும் 2045-இலும். இன்று முதலாண்டில் பயிலும் மாணவர்கள் அப்போது நாற்பதை ஒட்டிய வயதினராக, தம் பிள்ளைகளின் கையில் வாளியைக் கொடுத்தனுப்பும் நிலையில் இருப்பர்.